காலாங்: இரண்டே தேர்தல் கண்ட ஒரு மாநகர மன்றத் தொகுதி

சிங்கப்பூரில் இன்று மேயர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். நகர மன்றங்களும் இருக்கின்றன. ஆனால் மேயரைத் தேர்ந்தெடுக்கவோ நகர மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவோ அங்கே யாரும் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை. 2025 மார்ச்சில் தொகுதி எல்லைகள் திருத்தி வரையப்பட்டன. மே 3ஆம் தேதி 97 இடங்களுக்கான பொதுத்தேர்தல் நடந்தது. சில பெயர்கள் மறைந்தன, சில புதிதாக முளைத்தன. அப்போது பலருக்கும் எழுந்த கேள்வி: இந்த மேயர்களுக்கு ஓட்டுப் போட்டது யார்?

யாரும் இல்லை. ஒரு காலத்தில் நகருக்கென்று தனித் தேர்தல் இருந்தது, மன்றம் இருந்தது, அந்த மன்றம் தேர்ந்தெடுத்த மேயரும் இருந்தார். அது எப்படி வந்து எப்படிப் போயிற்று என்பதை ஒரே ஒரு தொகுதியை வைத்துப் பார்க்கலாம். அந்தத் தொகுதி காலாங். முழுவதும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தில் அது பார்த்தவை இரண்டே தேர்தல்கள். இரண்டுக்கும் நடுவில் நடந்த ஒரு விலகல்தான் அதன் வரலாற்றில் பெரிய செய்தி.

முதலில் சொற்கள்

பாதிக் குழப்பம் சொற்களால் வருவது. ஒன்றைப் போலவே ஒலிக்கும் நான்கு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

1. மாநகர மன்றம்: 1951இல் சிங்கப்பூருக்கு மாநகர் தகுதி கிடைத்தபோது அதுவரை இருந்த நகராட்சி பெற்ற புதுப் பெயர். தண்ணீர், மின்சாரம், எரிவாயு, சாலை, தெருவிளக்கு, சந்தை, துப்புரவு எல்லாம் இதன் பொறுப்பு. இந்தக் கட்டுரை பேசுவது இதைப் பற்றித்தான்.

2. நகர மன்றம்: 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அடுக்குமாடி வீடமைப்புப் பேட்டைகளைப் பராமரிப்பது இதன் வேலை. மின்தூக்கி, நடைபாதை, குப்பை, பொது இடங்களின் விளக்கு. அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரே இதை நடத்துவார். தனித் தேர்தல் கிடையாது.

3. மேயர்: இன்றைய மேயர்கள் 1997இல் தொடங்கிய சமூக மேம்பாட்டு மன்றங்களின் தலைவர்கள். நியமிக்கப்படுகிறவர்கள். 1957இன் மேயரோ மன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர். நகரின் அன்றாட நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர்.

4. தொகுதி: 1957இல் மாநகர மன்றத்துக்கென்று 32 தொகுதிகள் இருந்தன. அதே காலத்தில் சட்டமன்றத்துக்கும் தொகுதிகள் இருந்தன. ஒரே ஊர்ப்பெயர் இரண்டு பட்டியலிலும் வரும், ஆனால் இரண்டும் வேறு வேறு. காலாங் விஷயத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

யாருக்கு ஓட்டு இருந்தது?

சிங்கப்பூர் நகராட்சியில் தேர்தல் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. வரி கட்டுகிற சிலர் மட்டும் வாக்களிக்கும் தேர்தல். 1913இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆணையர்களை ஆளுநரே நியமித்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அப்படியே ஓடின. போருக்குப் பிறகு, 1949 ஏப்ரல் 2ஆம் தேதி, தேர்தல் திரும்பி வந்தது. 27 இடங்களில் 18 மட்டும் மக்கள் தேர்ந்தெடுப்பவை. நகரம் ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டாரத்துக்கு மூன்று உறுப்பினர். 18இல் 13ஐ முற்போக்குக் கட்சி பிடித்தது. ஆங்கிலம் படித்த வழக்கறிஞர்களும் வணிகர்களும் நடத்திய கட்சி அது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஆட்சியாளரைச் சங்கடப்படுத்தாத முற்போக்கு.

ஆறு வட்டாரங்களில் காலாங் என்ற பெயர் இல்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, சிட்டி, ரோச்சோர், அவ்வளவுதான். முழு நகரிலும் பதிவு செய்துகொண்ட வாக்காளர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. பிரிட்டிஷ் குடிமக்களுக்குத்தான் ஓட்டு, அதற்கும் தாமாகப் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். சீனாவில் பிறந்து இங்கே வந்து குடியேறிய பெருங்கூட்டத்துக்கு இடமே இல்லை.

இங்கே தமிழ் வாசகர்கள் கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகக் கருதப்பட்டதால் அவர்களுக்கு ஓட்டு இருந்தது. 1948இல் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில் பதிவு செய்திருந்த இருபத்திரண்டாயிரம் சொச்சம் வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இந்தியர்கள். மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பட்டியல் மக்களின் கண்ணாடியாக இல்லை, குடியுரிமைச் சட்டத்தின் கண்ணாடியாக இருந்தது. 1957இல் மாறியது இந்தப் பட்டியல்தான். அதனால்தான் அந்த ஆண்டுத் தேர்தல் முந்தையவற்றின் தொடர்ச்சியாகத் தெரியாமல் புதிய ஆட்டமாகத் தெரிகிறது.

32 தொகுதிகள் பிறந்த கதை

1949 முதல் 1953 வரை ஆண்டுதோறும் டிசம்பரில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் நடந்துவந்தது. பிறகு நின்றுபோயிற்று. 1955இல் சட்டமன்றத்துக்குப் பெரிய தேர்தல் வந்தது. தாமாகப் போய்ப் பதிய வேண்டிய முறை போய், தகுதி உள்ளவர்களை அரசே பட்டியலில் சேர்க்கும் முறை வந்தது. வாக்காளர் எண்ணிக்கை மூன்று லட்சமாக ஏறியது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஓட்டுக் கேட்க வேண்டிய காலம் பிறந்தது. முற்போக்குக் கட்சிக்கு அது பழக்கமில்லை, அந்தத் தேர்தலிலேயே சாய்ந்துவிட்டது. தொழிலாளர் முன்னணியின் டேவிட் மார்ஷல் முதலமைச்சர் ஆனார்.

சட்டமன்றத்தில் வந்த மாற்றம் மாநகர மன்றத்துக்கும் வந்தாக வேண்டும். 1957ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மூன்று காரியம் செய்தது.

1. நியமன உறுப்பினர்களை முற்றிலும் நீக்கியது. 32 இடங்களும் தேர்தலால் நிரம்பும்.

2. வட்டாரத்துக்கு மூன்று பேர் என்ற முறையை விட்டு, தொகுதிக்கு ஒருவர் என்றாக்கியது.

3. ஆளுநர் நியமித்த தலைவருக்குப் பதிலாக, மன்றமே தேர்ந்தெடுக்கும் மேயரை வைத்தது.

இரண்டாவது மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி என்றால், பல முனைப் போட்டியில் முப்பத்தைந்து, நாற்பது விழுக்காடு வாங்கினாலே போதும். போதாக்குறைக்கு அப்போது வாக்களிப்பது கட்டாயமில்லை. வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு. எந்தக் கட்சிக்கு மக்கள் ஆதரவு அதிகம் என்பதைவிட, எந்தக் கட்சியிடம் வீடு வீடாகப் போய் ஆளைக் கிளப்பி வாக்குச்சாவடிக்குக் கூட்டி வரும் தொண்டர்கள் அதிகம் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். அந்தத் தொண்டர்கள் எங்கே கிடைத்தார்கள்? தொழிற்சங்கங்களில். காலாங் கதை முழுவதற்கும் சாவி இது.

காலாங் என்கிற நிலம்

காலாங் ஆறும் அது கடலில் கலக்கும் சதுப்பும்தான் பெயருக்கு மூலம். அங்கே 1862இல் எரிவாயு ஆலை அமைந்தது. நிலக்கரியை எரித்து வாயு எடுத்து நகரின் தெருவிளக்குகளை ஏற்றினார்கள். சீனர்கள் அந்தப் பகுதியை 'நெருப்பு நகரம்' என்று பொருள்படும் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழிப் பெயரால் அழைத்தார்கள். 1901இல் ஆலையை நகராட்சி எடுத்துக்கொண்டது. ஆக, மாநகர மன்றம் என்பது அந்தப் பக்கத்து மக்களுக்குத் தூரத்து அலுவலகம் இல்லை. புகையாகவும் வாடையாகவும் சம்பளமாகவும் கூடவே இருந்தது.

1937இல் விமான நிலையம் வந்தது. 1955இல் பாயா லேபாருக்கு மாறியதும் அந்தப் பரந்த வெளி காலியாயிற்று. காலி மைதானம் என்றால் அரசியல்வாதிகளுக்குச் சொல்ல வேண்டுமா? 1956 மார்ச் 18ஆம் தேதி, சுயாட்சி கேட்டு லண்டன் புறப்படுவதற்கு முன்பு, மார்ஷல் அங்கே 'மெர்டேக்கா', அதாவது விடுதலைக் கூட்டம் போட்டார். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பார்வையாளர்களாக வந்திருந்தார்கள். கூட்டம் நெருக்கியடித்து முன்னேறியது, மேடை தாங்கவில்லை, கலவரமாக முடிந்தது. லண்டனிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மார்ஷல், சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பதவி விலகினார். அதே ஆண்டு காலாங் படுகைக்கு மேலே திறந்த பாலத்துக்கும் மெர்டேக்கா என்றே பெயர்.

ஒன்றரை ஆண்டுக்குள் மார்ஷலின் பெயர் காலாங்கில் மறுபடி ஒலித்தது. இந்த முறை வாக்குச்சீட்டு வழியாக.

முதல் தேர்தல்: 1957 டிசம்பர் 21

தேர்தலுக்கு ஏழு வாரம் முன்னால்தான் மார்ஷல் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கியிருந்தார். ஏழு வாரக் குழந்தை ஐந்து இடங்களில் நின்று நான்கில் வென்றது. அந்த நான்கில் ஒன்று காலாங். வென்றவர் சாங் யுவென் டோங், தொழிற்சங்கக்காரர்.

ஏழு வாரத்தில் ஒரு கட்சிக்கு வேர் பிடிக்காது. வேறொருவரின் வேரில் ஒட்டுப் போட்டால்தான் உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில், இன்று ஆட்சியில் இருக்கும் மக்கள் செயல் கட்சியின் மத்தியக் குழுத் தேர்தலில் இடதுசாரிகள் பாதி இடங்களைப் பிடித்தார்கள். சில நாட்களில் முதலமைச்சர் லிம் யூ ஹாக் அரசு அவர்களில் ஐவரைக் கைது செய்தது. கட்சி மறுபடி, பின்னாளில் பிரதமரான லீ குவான் யூ தரப்பின் கைக்கு வந்தது. தலைவர்களை இழந்த இடதுசாரித் தொண்டர்களுக்கு வேறொரு திறந்த வாசல் தேவைப்பட்டது. மார்ஷலின் புதுக் கட்சி அந்த வாசல் ஆயிற்று என்பது அன்றைய அரசியலைப் பார்த்தவர்கள் பலரும் சொல்வது. மார்ஷலுக்கு மக்களிடம் பெயர் இருந்தது, தொண்டர் படை இல்லை. இடதுசாரிகளிடம் படை இருந்தது, பதாகை இல்லை.

32 இடங்களின் முடிவு இது:

மக்கள் செயல் கட்சி 13
லிபரல் சோஷலிஸ்ட் கட்சி 7
தொழிலாளர் முன்னணி 4
பாட்டாளிக் கட்சி 4
அம்னோ (மலாய்க்காரர்களின் கட்சி) 2
சுயேச்சைகள் 2

மக்கள் செயல் கட்சி நின்றதே 14 இடங்களில்தான். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் வென்றது. லிபரல் சோஷலிஸ்டுகள் 32இலும் நின்று ஏழோடு நின்றார்கள். பெரும்பான்மைக்கு 17 வேண்டும். மக்கள் செயல் கட்சியோடு அம்னோவைச் சேர்த்தாலும் 15. இப்படிப்பட்ட கணக்கில் ஒரு நாற்காலி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது சில்லறை விஷயம் அல்ல.

செங்கோலும் மேயரும்

மேயர் ஆனவர் ஓங் எங் குவான், ஹோங் லிம் தொகுதிக்காரர், மக்கள் செயல் கட்சியின் பொருளாளர். ஹொக்கியன் மொழியில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர். டிசம்பர் 24 அன்று முதல் கூட்டம். மாநகர மண்டபத்தின் கதவுகள் திறந்துவிடப்பட்டு, அதுவரை வாசலைத் தாண்டாத மக்கள் உள்ளே வந்து நிறைந்தார்கள். மன்றத்தில் ஆங்கிலம் அல்லாத குரல்கள் எழுந்தன. மன்றத்தின் முன்னே ஏந்திச் செல்லும் பொற்செங்கோல் ஒன்று இருந்தது. நகருக்கு மாநகர் தகுதி கிடைத்ததன் நினைவாக லோக் வான் தோ என்ற செல்வந்தர் அளித்தது. காலனியாட்சியின் சின்னம் என்று சொல்லி அதை ஒதுக்கிவைத்தார் ஓங்.

இந்தக் காட்சியைச் சிலர் கோமாளித்தனம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரிகளை அவர் பலர் முன்னிலையில் அவமதித்தார் என்பது உண்மை. நிர்வாகம் தடுமாறியது என்பதும் உண்மை. ஆனால் கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்புகளின் சந்தில் தண்ணீர்க்குழாய் வந்தது, தெருவிளக்கு வந்தது, புகார் சொல்ல ஓர் இடம் வந்தது. ஒரு தெருவுக்கு விளக்குப் போட்டவர் யார் என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். அப்படிச் சேர்ந்த செல்வாக்கு எவ்வளவு கனமானது என்பது 1961இல் தெரிந்தது. கட்சி நீக்கிய ஓங், ஹோங் லிம் இடைத்தேர்தலில் தனியாக நின்று, 2,820க்கு எதிராக 7,747 வாக்குகள் வாங்கித் தம் பழைய கட்சியையே தோற்கடித்தார்.

ஒரு விலகல்

இனி காலாங்குக்குத் திரும்புவோம்.

1958 மார்ச்சில், தலைமறைவாக இருந்த மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் ஆள் ஒருவர் லீ குவான் யூவைச் சந்தித்தார். முழு அதிகாரம் பெற்ற தூதர் என்ற பொருளில் 'பிளென்' என்று அவருக்கு லீ பெயர் வைத்தார். பிறகு அவர் ஃபாங் சுவாங் பி என்று தெரிந்தது. கம்யூனிஸ்டுகளும் மக்கள் செயல் கட்சியும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று அவர் கேட்டார். லீயின் கேள்வி நேரானது: நீங்கள் உண்மையிலேயே கட்சியின் பேரில் பேசுகிறீர்கள் என்பதற்கு என்ன சாட்சி? சாட்சியாக லீ கேட்டது இது: பாட்டாளிக் கட்சியின் சாங் யுவென் டோங் மாநகர மன்றத்திலிருந்து விலகட்டும்.

சில வாரங்களில் சாங் விலகினார். செய்தி நாளிதழில் வந்தது. காலாங் காலியாயிற்று.

இதை எப்படிப் படிப்பது? மூன்று விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும்.

1. இந்தச் சந்திப்பின் கதை வெளியே வந்தது 1961இல், மலாயாவோடு இணைவதை ஆதரித்து லீ ஆற்றிய பன்னிரண்டு வானொலி உரைகளில். சொன்னவர் ஆட்சியில் இருந்தவர், ஒரு வாதத்தை நிலைநாட்டச் சொன்னவர். எதிர்த்தரப்பின் ஆளைக் கம்யூனிஸ்டுகள் எப்படி ஆட்டிவைத்தார்கள் என்று காட்டுவது அந்த வாதத்துக்குத் தேவை.

2. ஆனால் சந்திப்பு நடந்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஃபாங் தாமே பிற்காலத்தில் லீயைச் சந்தித்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். கருத்து வேறுபாடு இருப்பது, யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதில்.

3. விலகல் நடந்தது, இடைத்தேர்தல் நடந்தது என்பவை பொதுப் பதிவில் உள்ளவை. காரணம் பற்றி எதை நம்பினாலும் இந்த இரண்டும் மாறாது.

என் கணிப்பு: கதையின் ருசிகரமான பகுதியைவிட அதன் உட்பொருள் முக்கியம். ஆயிரக்கணக்கானோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஓர் இடம், அந்த வாக்காளர்களில் ஒருவருக்கும் தெரியாத ஓர் அறையில் அடையாளச் சீட்டாகப் பயன்பட்டது. கேட்டவருக்கும் அது தவறாகப் படவில்லை, கொடுத்தவருக்கும் படவில்லை. விலை கொடுத்தது மார்ஷலின் கட்சி. தன் நான்கு பேரில் ஒருவர் ஏன் போனார் என்பது அந்தக் கட்சித் தலைவருக்கே அப்போது புரிந்திருக்க வழியில்லை.

இரண்டாவது தேர்தல்: 1958 ஜூலை

இடைத்தேர்தலில் மக்கள் செயல் கட்சி நிறுத்தியவர் புவாங் ஒமார் ஜூனிட். மலாய்க்காரர். இனத்தை வைத்துக் கணக்குப் போடும் கட்சிகள் நடுவே அது ஒரு அறிவிப்பு மாதிரி. அவர் வென்றார். பாட்டாளிக் கட்சியால் ஏழு மாதத்துக்கு முன் வென்ற இடத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

வாக்காளர் அதே, தெருக்கள் அதே, வாக்குச்சாவடிகளும் ஏறக்குறைய அதே. மாறியது என்ன? முன்பே சொன்ன சாவியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வாக்களிப்பு கட்டாயமில்லாத இடத்தில், வீடு வீடாகப் போகும் கால்கள் எந்தப் பக்கம் நடக்கின்றனவோ அந்தப் பக்கம் தொகுதி போகும். 1957 டிசம்பரில் மார்ஷலுக்காக நடந்த கால்கள் 1958 ஜூலையில் நடக்கவில்லை. பாட்டாளிக் கட்சி அதற்குப் பிறகு உள்ளுக்குள்ளேயே கரைந்தது. 1961 ஜூலையில் ஆன்சன் இடைத்தேர்தலில் மார்ஷல் 546 வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது, அதே இடதுசாரிகள் அவர் பக்கம் திரும்பி வந்திருந்தார்கள். ஒரே மனிதர், ஒரே கட்சிப் பெயர். கால்கள் வந்தால் வெற்றி, போனால் தோல்வி.

மன்றத்தில் மக்கள் செயல் கட்சியின் எண்ணிக்கை 13இலிருந்து 14 ஆனது. இன்னும் பெரும்பான்மை இல்லை. ஆனால் சட்டமன்றத்தில் இருந்தவர்களுக்குக் காலாங் ஒரு முன்னறிவிப்பு. லிம் யூ ஹாக் அந்த ஆண்டு நவம்பரிலேயே சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்து சிங்கப்பூர் மக்கள் கூட்டணி என்ற புதுக் கட்சியைக் கட்டினார். இந்தக் காலத்துத் தேர்தல்களில் மிரட்டலும் லஞ்சமும் ஆள்மாறாட்டமும் நடந்ததாக எழுந்த புகார்களை விசாரிக்க ஒரு குழுவும் அமைந்தது. 1959 பொதுத்தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்டது. இன்றும் சிங்கப்பூரில் வாக்களிக்கத் தவறினால் பட்டியலிலிருந்து பெயர் எடுபடுகிறதே, அந்தச் சட்டத்தின் பிறப்பு இந்தக் காலத்தில்தான்.

மன்றம் போன விதம்

வரிசையாகச் சொல்லிவிடலாம்.

1. 1959 மார்ச்: லிம் யூ ஹாக் அரசு மேயரின் அதிகாரங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டது, மன்ற நிர்வாகத்தின் மீது விசாரணையும் வந்தது.

2. 1959 ஏப்ரல்: ஓங்கும் அவருடைய கட்சி உறுப்பினர்களும் மன்றத்திலிருந்து விலகினார்கள். காலாங்கின் மாநகர மன்ற வாழ்வு நடைமுறையில் அன்றே முடிந்தது.

3. 1959 மே 30: சட்டமன்றத் தேர்தல். மக்கள் செயல் கட்சிக்கு 51இல் 43.

4. 1959 ஜூலை: புதிய அரசு மாநகர மன்றத்தை நிறுத்திவைத்தது. அதன் அதிகாரங்கள் தேசிய வளர்ச்சி அமைச்சருக்குப் போயின. அந்த அமைச்சர் வேறு யாரும் அல்ல, முன்னாள் மேயர் ஓங் எங் குவான்.

5. 1963: தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் மே 1 முதல் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு. மீதி வேலைகள் அமைச்சுகளுக்கு. உள்ளாட்சியை அரசோடு இணைக்கும் சட்டம் மன்றத்தை முற்றாக மூடியது.

சிறிய தீவுக்கு இரண்டு அரசாங்கம் எதற்கு என்பது அரசு சொன்ன காரணம். அதில் நியாயம் இருக்கிறது: ஒரே சாலைக்கு இரண்டு அதிகாரம், ஒரே சாக்கடைக்கு இரண்டு கோப்பு. ஆனால் அது முழுக் காரணம் இல்லை என்றே நினைக்கிறேன். பதினாறே மாதத்தில் ஒரு மேயர் நாடறிந்த தலைவராக வளர முடியும் என்பதை 1959இல் ஆட்சிக்கு வந்தவர்கள் அருகிலிருந்து பார்த்தவர்கள். அவர்கள் ஏறி வந்த ஏணி அது. அந்த ஏணியை இன்னொருவருக்காக அங்கேயே சாத்தி வைத்துவிட்டுப் போக எந்த அரசியல்வாதிக்கு மனம் வரும்?

பெயர் மட்டும் தொடர்ந்தது

1959இல் சட்டமன்றத் தொகுதியாகக் காலாங் வந்தது. உறுப்பினர் புவாங் ஒமார் ஜூனிட்தான். இதனால்தான் பழைய பட்டியல்களைப் பார்ப்பவர்கள் 1958 வெற்றியையும் 1959 வெற்றியையும் ஒரே தொகுதியின் தொடர் வெற்றிகள் என்று எண்ணிவிடுகிறார்கள். முதலாவது மாநகர மன்றத்துக்கு, இரண்டாவது சட்டமன்றத்துக்கு. வாக்காளர் பட்டியலும் வேறு, அதிகாரமும் வேறு.

1976இல் காலாங்கின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர் எஸ். தனபாலன். 1980 முதல் 1988 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த தமிழர். 1991இல் அவர் டோ பாயோ குழுத்தொகுதிக்கு மாறும் வரை காலாங் அவருடையது. பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதி முறை 1988இல் வந்த பிறகு தனித்தொகுதிகள் ஒவ்வொன்றாகப் பெரிய வட்டங்களுக்குள் கரைந்தன. 2011இல் மொல்மின்-காலாங் என்ற பெயரில் ஒரு குழுத்தொகுதி முளைத்தது. அங்கே மக்கள் செயல் கட்சியை எதிர்த்து நின்றது பாட்டாளிக் கட்சி. ஐம்பத்து நான்கு ஆண்டுக்கு முன் அதே பெயரில் வென்ற கட்சி 41 விழுக்காட்டோடு தோற்றது. 2015இல் அந்தக் குழுத்தொகுதியும் வரைபடத்திலிருந்து எடுபட்டது.

பழைய விமான நிலையக் கட்டடம் 1960 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு மக்கள் கழகம் என்ற அரசு அமைப்பின் தலைமையகமாக இருந்தது. இன்றைய மேயர்கள் தலைமை தாங்கும் சமூக மேம்பாட்டு மன்றங்கள் இயங்குவது அந்தக் கழகத்தின் குடையின் கீழ்தான்.

மாநகர மன்றத்தின் பெயரும் முழுதாக மறையவில்லை. அது ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்க 1961இலும் 1962இலும் கையெழுத்தான ஒப்பந்தங்களில் ஒரு தரப்பு ஜொகூர் மாநில அரசு. மறுதரப்பு சிங்கப்பூர் மாநகர மன்றம். உறுப்பினர்கள் விலகி, கூட்டங்கள் நின்று, மேயர் நாற்காலி காலியாகி இரண்டு மூன்று ஆண்டு ஆன பிறகும், சட்டத்தின் கண்ணில் அந்த மன்றம் உயிரோடுதான் இருந்தது. தண்ணீர் விலை பற்றி மலேசியாவும் சிங்கப்பூரும் பேசும்போதெல்லாம் செய்தியில் வருவது அந்த 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம். நாளொன்றுக்கு 25 கோடி காலன், ஆயிரம் காலனுக்கு 3 சென். அது 2061 வரை செல்லும்.